பற்கழலைக்குள் ஒரு பச்சை ஒளி

சென்ற ஆண்டு ஒரு மாலை. வகுப்புகள் முடிந்து ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், நான்காக மடித்த தாளுடன் வந்து நின்றார். அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். அவருடைய தாயாருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு ஆண்டுகளாக வலியில்லாத வீக்கம். பற்பூச்சி என்றும் வாயு என்றும் ஆளுக்கொன்று சொல்லக் கேட்டுக் காலம் கழிந்தது. இறுதியில் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே வீக்கத்திலிருந்து சிறு துண்டு திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தச் சோதனையின் அறிக்கைதான் அத்தாள். முழுவதும் ஆங்கிலம்.

“சார், ‘டியூமர்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் புற்றுநோய்தானே? அம்மாவிடம் என்ன சொல்வது?” என்று கேட்டார்.

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவம் கற்றவனல்லன். தாளில் இருந்த சொற்களில் பாதி எனக்கும் புதியவை. ஆனால் இரண்டு சொற்கள் என்னைத் திடுக்கிட வைத்தன. ஒன்று, ‘தளவிளைவு ஒளி’. மற்றொன்று, ‘லீசகாங் வளையங்கள்’. முன்னதை ஒளியியல் பாடத்தில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். பின்னதைச் சோதனைக் குழாயில் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு தாயின் தாடைத் திசுவில் இவற்றுக்கு என்ன வேலை?

அறிக்கையின் கடைசி வரியில் ‘தீங்கற்றது’ என்னும் பொருள்படும் சொல் இருந்தது. அதை மட்டும் மாணவருக்குச் சுட்டிக் காட்டி, “தம்பி, கழலை எல்லாம் புற்றுநோய் அல்ல. காலையில் டாக்டரையே நேரில் பார்த்துக் கேளுங்கள்” என்று அனுப்பினேன். அதன்பின் பல நாள் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. அந்த அறிக்கையில் எழுதியிருந்த நோயின் பெயர் ‘பின்ட்போர்க் கழலை’. நுண்ணோக்கியில் காணும்போது அச்சமூட்டும் தோற்றமும், உடலில் ஓரளவு அடக்கமான நடத்தையும் கொண்ட விந்தையான கழலை அது.

பல் முளைக்கும் கதை

பற்கழலையைப் புரிந்துகொள்ளப் பல் உண்டாகும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். கரு ஆறு வாரம் வளர்ந்த நிலையிலேயே அதன் வாய்ப்பகுதியில் மேல்தோல் திசு தடித்து, உள்நோக்கி ஒரு தகடு போல் வளர்கிறது. அதிலிருந்து சிறுசிறு மொட்டுகள் கிளம்புகின்றன. மொட்டு பின்னர் தொப்பி வடிவமும், அதன்பின் மணி வடிவமும் பெறுகிறது. மணியின் உட்புற ஓரத்தில் வரிசையாக நிற்கும் உயிரணுக்கள் பற்சிப்பியை, அதாவது எனாமலைச் சுரக்கின்றன. அவற்றுக்கு எதிர்வரிசையில் நிற்பவை தந்தினி என்னும் டென்டினைச் சுரக்கின்றன. வீட்டுச் சுவரின் இருபுறமும் நின்று இரு கொத்தனார்கள் கட்டுவது போன்ற ஏற்பாடு இது.

நம் உடலில் எனாமலை விடக் கடினமான பொருள் வேறில்லை. எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளே. புதுக்கோட்டை மாவட்டத்தின் பொட்டல்களில் முதுமக்கள் தாழிகள் பல புதைந்துள்ளன. இத்தகைய பழங்காலப் புதைகுழிகளில் எலும்புகள் உதிர்ந்து மண்ணான பின்னும் பல் எஞ்சி நிற்பதுண்டு. அதற்குக் காரணம் இந்த எனாமல் போர்வையே.

பல் கட்டி முடிந்ததும் கொத்தனார்கள் கலைந்துவிட வேண்டும். பெரும்பாலும் கலைந்தும் விடுகின்றனர். ஆனால் சிலர் தாடைக்குள்ளேயே தங்கிவிடுகின்றனர். பல்லின் வேரைச் சுற்றிச் சிறு குவியல்களாகக் கிடக்கும் இத்தகைய எஞ்சிய உயிரணுக்களை 1885-இல் விரிவாக விளக்கியவர் பிரான்சு நாட்டின் லூயி மலாசே. இரத்த அணுக்களை எண்ணும் கருவி ஒன்றைச் செய்தவரும் இவரே. இன்றும் அக்குவியல்கள் ‘மலாசே எச்சங்கள்’ என்றே வழங்குகின்றன. பெரும்பாலோரிடம் இவை வாழ்நாள் முழுதும் உறங்கிக் கிடக்கின்றன. பல் உண்டாக்கும் திசுவோ அதன் எச்சங்களோ கட்டுப்பாடு இழந்து வளரும்போது பற்கழலை தோன்றுகிறது.

ஒரு வாயில் 526 பற்கள்

பல் உண்டாக்கும் திசுக்களிலிருந்து எழும் கழலைகளை ஒரே குடும்பமாகத் திரட்டி, அவற்றிற்கு ‘ஒடோன்டோம்’ என்று 1860-களில் பெயர் சூட்டியவர் பால் புரோக்கா. மூளையில் பேச்சுக்குரிய இடத்தைக் கண்டறிந்த அதே புரோக்காதான். இன்று இப்பெயர் இக்குடும்பத்தின் ஓர் உறுப்பினருக்கு மட்டுமே உரியது.

அந்த உறுப்பினரை நம் தமிழ்நாடே ஒருமுறை வியந்து பார்த்தது. சென்னையில் உள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 2019-ஆம் ஆண்டு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் வீக்கம். அறுவை செய்து எடுத்த பை ஏறக்குறைய 200 கிராம் எடை இருந்தது. பையைப் பிரித்துப் பல மணி நேரம் எண்ணியதில், சிறியவும் பெரியவுமாக 526 பற்கள்! அதற்கு முன் 2014-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பதினேழு வயது இளைஞர் ஒருவரின் தாடையிலிருந்து 232 பற்கள் எடுக்கப்பட்டன. இவை இரண்டும் ஒடோன்டோம் வகையே. இங்கே கொத்தனார்கள் வேலையை மறக்கவில்லை, நிறுத்தத்தான் மறந்துவிட்டனர். பற்கழலைகளில் மிகச் சாதுவானது இது. முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை.

ஆனால் எல்லாப் பற்கழலைகளும் இவ்வாறு பல்லைக் காட்டித் தம்மை அடையாளப்படுத்துவதில்லை. மற்றவற்றை இனங்காண நுண்ணோக்கியின் துணை வேண்டும்.

சீவலும் சாயமும்

பல்லுக்கும் நுண்ணோக்கிக்கும் நெடுநாள் உறவு உண்டு. ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தம் பல்லின் மேல் படிந்த மாவு போன்ற அழுக்கைத் தம் கையால் செய்த ஒற்றை வில்லையின் கீழ் வைத்து, அதில் நெளிந்தோடும் நுண்ணுயிர்களைக் கண்டு 1683-இல் இலண்டன் ராயல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆனால் நோயுற்ற திசுவை நுண்ணோக்கியில் கண்டு நோயை முடிவு செய்யும் முறை வேரூன்ற மேலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. உடலின் நோய்கள் அனைத்தும் உயிரணுக்களின் நோய்களே என்னும் கருத்தை ஜெர்மானியர் ருடால்ஃப் வெர்க்கோ 1858-இல் நூலாக வெளியிட்டார். அதுவே இத்துறையின் அடிக்கல்.

தாடைக் கழலையைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. திசுவை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆனால் அதில் எலும்பும் சுண்ணமும் கலந்திருக்கும். எனவே திசுவை முதலில் ஃபார்மலினில் இட்டுக் கெடாமல் நிலைநிறுத்துகின்றனர். பின் அமிலத்தில் ஊறவிட்டுச் சுண்ணத்தைக் கரைத்துவிடுகின்றனர். அப்போது முதிர்ந்த எனாமல் முழுவதும் கரைந்துபோய், அது இருந்த இடம் வெற்றிடமாகவே தெரியும். அடுத்து நீரை அகற்றி, உருகிய மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் தடிப்பில் சீவுகின்றனர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், அச்சீவலின் மென்மையை ஊகித்துக்கொள்ளலாம்.

சாயமேற்றாத சீவல், கண்ணாடி மேல் கண்ணாடி வைத்தாற்போல் ஒன்றும் தெரியாது. ஹெமடாக்ஸிலின் என்னும் மரச்சாயம் உட்கருவுக்கு நீல நிறம் தரும். இயோசின் என்னும் செயற்கைச் சாயம் உட்கருவைச் சூழ்ந்த பகுதிக்கு இளஞ்சிவப்பு நிறம் தரும். 1870-களில் சேர்ந்த இந்த இணையே இன்றும் உலகெங்கும் உள்ள நோய்க்குறியியல் ஆய்வகங்களில் நாள்தோறும் பயன்படுகிறது.

கோபன்ஹேகன் ஆசிரியர்

இத்தகைய சீவல்களைப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் டென்மார்க் நாட்டு யென்ஸ் பின்ட்போர்க். 1921-இல் பிறந்தவர். கோபன்ஹேகன் பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். 1955-இல் சுருக்கமாகவும், 1958-இல் விரிவாகவும், அதுவரை தனித்து அறியப்படாத ஒரு பற்கழலையை அவர் விவரித்தார். ‘சுண்ணமேறும் மேல்திசுப் பற்கழலை’ என்பது அவர் இட்ட பெயரின் பொருள். பாடநூல் எழுதியவர்கள் அதை அவர் பெயராலேயே அழைக்கத் தொடங்கினர்.

மிக அரிய நோய் இது. பற்கழலைகள் நூறில் ஒன்று என்ற அளவிலேயே காணப்படும். 1976-இல் ஃபிராங்ளின் என்பவரும் பின்ட்போர்க்கும் உலகெங்கிலுமிருந்து திரட்ட முடிந்தவை 113 பேரின் வரலாறுகளே. பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குட்பட்டவர்களிடம் வருகிறது. மேல்தாடையைக் காட்டிலும் கீழ்த்தாடையிலேயே மிகுதி. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, முளைக்காமல் தாடைக்குள் புதைந்த பல் ஒன்று கழலையோடு சேர்ந்திருக்கும். வீக்கம் மெல்ல வளரும், வலி இராது. வலி இல்லாததால் மக்கள் பொருட்படுத்துவதில்லை. என் மாணவரின் வீட்டில் நடந்ததும் அதுவே.

நல்லவன் தோற்றத்தில் கொடியவன்

எனக்குத் தெரிந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர், தம்மிடம் பாதுகாத்து வைத்திருந்த பின்ட்போர்க் கழலைச் சீவல் ஒன்றைக் காட்டினார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவுடன் எனக்குத் தெரிந்தது, ஒழுங்கற்ற ஒரு கூட்டம். பல கோணங்கள் கொண்ட இளஞ்சிவப்பு உயிரணுக்கள் தரையில் பதித்த கற்கள் போல் நெருங்கிக் கிடந்தன. ஓர் உயிரணுவின் உட்கரு கடுகளவு என்றால், அதை அடுத்ததன் உட்கரு பட்டாணி அளவு. சிலவற்றில் இரண்டு, மூன்று உட்கருக்கள். பல, மை கொட்டியது போல் கருத்திருந்தன.

“இதை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்கள் பலரும் புற்றுநோய் என்றே எழுதுவார்கள்” என்றார் அவர்.

அவ்வாறு எழுதுவதில் நியாயம் உண்டு. உட்கரு அளவில் மிகுதல், வடிவம் கோணுதல், நிறம் கருத்தல் ஆகியவை புற்றுநோயின் அடையாளங்களாகவே பாடநூல்களில் உள்ளன. ஆனால் அவை மட்டும் போதா. உயிரணுக்கள் எத்தனை வேகமாகப் பிரிகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுவை நுண்ணோக்கியில் எளிதில் இனங்காணலாம். அதன் நிறப்புரிகள் திரண்டு தனித்துத் தெரியும். பின்ட்போர்க் கழலையில் அவ்வாறு பிரியும் உயிரணுவைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. மேலும், உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நுண்பாலங்கள் குலையாமல் தெளிவாகத் தெரிகின்றன. கழலை தான் இருக்கும் எலும்பை மெல்ல அரிக்கிறதே தவிர, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. புற்றுநோயாக மாறியவை உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இதற்கு நேர்மாறானது ‘அமிலோபிளாஸ்டோமா’ என்னும் மற்றொரு பற்கழலை. அதற்கு மலாசே தந்த பழைய பெயரின் இடத்தில் இப்பெயரை 1930-இல் ஐவியும் சர்ச்சிலும் வைத்தனர். நுண்ணோக்கியில் அதன் உயிரணுக்கள் அணிவகுப்பில் நிற்கும் சாரணர்கள் போல் ஒழுங்காக வரிசையில் நிற்கும். பார்த்தால் பரம சாது. ஆனால் எலும்பின் நுண்துளைகளுக்குள் ஊடுருவி, சுரண்டி எடுத்தால் மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

இன்னொரு விந்தையையும் இங்கே சொல்ல வேண்டும். 1962-இல் அமெரிக்கர் ராபர்ட் கார்லினும் உடன் பணியாற்றியோரும் விவரித்த ஒரு தாடைக் கட்டியில், உயிரணுக்களின் வெளிக்கோடு மட்டும் இருக்கும். உட்கரு இருந்த இடம் வெறுமையாய்த் தோன்றும். இவற்றை ‘ஆவி உயிரணுக்கள்’ என்றே அறிஞர் அழைக்கின்றனர். 526 பற்கள் தந்த ஒடோன்டோம் வகையிலும் சில வேளைகளில் இவை காணப்படுவதுண்டு. ஆவி என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. வேலை முடிந்து, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து இறந்துபோன உயிரணுக்களின் கூடுகளே அவை.

இவற்றால் நாம் அறிவது ஒன்றே. ஓர் உயிரணுவின் முகத்தை மட்டும் பார்த்து அதன் குணத்தை முடிவு செய்தல் கூடாது. முடிவு தவறினால் விளைவு என்ன? தீங்கற்றதைப் புற்றுநோய் என்று கொண்டால், தேவைக்கு மேல் தாடையை அறுத்து எடுக்க நேரும். புற்றுநோயைத் தீங்கற்றது என்று கொண்டால் உயிருக்கே கேடு. ஒரு கண்ணாடித் துண்டின் மேலுள்ள 5 மைக்ரான் சீவலை நம்பியே ஒருவரின் முகமும், உணவும், பேச்சும் நிற்கின்றன.

பச்சை ஒளி

ஐயத்தைத் தீர்க்கத் துணைவரும் சான்றுகளில் இரண்டு நம் இயற்பியல் துறையைச் சேர்ந்தவை. பின்ட்போர்க் கழலையின் உயிரணுக்களுக்கிடையே இளஞ்சிவப்பாக, கண்ணாடி போன்ற ஒரு பொருள் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. அது ‘அமிலாய்டு’ வகையைச் சேர்ந்தது. இப்பெயர் ஒரு பிழையால் பிறந்தது. வேறு உறுப்புகளில் இத்தகைய பொருளைக் கண்ட வெர்க்கோ, அயோடின் பட்டதும் அது மாவுப்பொருள் போல் நிறம் மாறியதால், 1854-இல் மாவுப்பொருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயரிட்டார். அது மாவன்று, புரதம் என்பது ஐந்தே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதைக் கண்டறிய உதவும் சாயம் ‘காங்கோ சிவப்பு’. 1883-இல் ஜெர்மனியில் பருத்தித் துணிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. நிறம் பிடிக்கத் துணைப்பொருள் ஏதுமின்றி நேரே பருத்தியில் ஏறிய முதல் செயற்கைச் சாயம் இதுவே. 1922-இல் பென்ஹோல்ட் என்பவர், துணியில் ஏறும் இச்சாயம் அமிலாய்டிலும் ஏறுவதைக் கண்டார். 1927-இல் பெல்ஜியம் நாட்டு டிவ்ரி, சாயமேறிய அமிலாய்டைத் தளவிளைவு ஒளியில் வைத்துப் பார்த்தார். சிவப்பாக இருந்தது பச்சையாக ஒளிர்ந்தது!

இது எவ்வாறு? சாதாரண ஒளியில் அதிர்வுகள் எல்லாத் திசைகளிலும் நிகழும். தளவிளைவுத் தகடு ஒன்று ஒரு தளத்தில் அதிர்வதை மட்டும் விடுகிறது. அதற்குச் செங்குத்தாக இரண்டாவது தகட்டை வைத்தால் ஒளி முற்றும் தடுக்கப்பட்டு இருளாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, அணுக்கூட்டங்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட பொருளை வைத்தால், அது அதிர்வின் தன்மையை மாற்றி, இருளில் ஒளியை வரவழைக்கும். நடுவில் செல்லோஃபேன் நாடாவை ஒட்டி மாணவர்களுக்கு வண்ணங்களைக் காட்டுவது எங்கள் ஆய்வகத்தில் வழக்கம். அமிலாய்டு என்பது ஏறத்தாழ 10 நானோமீட்டர் பருமனுள்ள புரத நூல்களின் திரள். காங்கோ சிவப்பின் மூலக்கூறுகள் அந்நூல்களின் நெடுக்கில் வரிசையாக ஒட்டிக்கொள்கின்றன. அவ்வரிசையே இரட்டை விலகலை உண்டாக்கிப் பச்சை ஒளியைத் தருகிறது. வெறும் தழும்புத் திசுவோ, உறைந்த குருதியோ இப்பச்சையைத் தராது.

பின்ட்போர்க் கழலையில் இருப்பது அமிலாய்டு என்பதை 1965-இல் விக்கர்ஸ், டாலின், கார்லின் ஆகியோர் எடுத்துக்காட்டினர். மருத்துவர் தம் நுண்ணோக்கியில் தகட்டைத் திருப்பிக் காட்டியபோது, இருண்ட வட்டத்தின் நடுவே பச்சைத் தீவுகள் எழுந்தன. இருபது தடவைக்கு மேல் வகுப்பில் கரும்பலகையில் வரைந்த படம், முதன்முறையாக ஒரு மனிதரின் நலத்தோடு தொடர்பு கொண்டு என் கண்முன் நின்றது.

ஜெலாட்டினில் வளையங்கள்

இரண்டாவது சான்று வளையங்கள். அமிலாய்டுத் திட்டுகளின்மேல் சுண்ண உப்பு படியும்போது, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல் வட்டத்துக்குள் வட்டமாகப் படிகிறது.

இத்தகைய வளையங்களுக்கு 1896-இல் பெயர் வாங்கித் தந்தவர் ஜெர்மன் வேதியியலறிஞர் ரஃபேல் லீசகாங். பொட்டாசியம் டைகுரோமேட்டு கலந்த ஜெலாட்டின் கூழின்மேல் வெள்ளி நைட்ரேட்டுச் சொட்டு ஒன்றை வைத்தார். வீழ்படிவு ஒரே பரப்பாகப் பரவாமல், இடைவெளி விட்டு விட்டு வளையங்களாக விழுந்தது. உப்பு கூழுக்குள் மெல்ல ஊர்ந்து செல்கிறது. ஓரிடத்தில் செறிவு அளவு கடந்ததும் சட்டென்று வீழ்படிவாகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியின் உப்பையும் இழுத்துக்கொள்கிறது. எனவே அடுத்த சிறு இடைவெளி வெறுமையாகிறது. அதைத் தாண்டியபின் மீண்டும் செறிவு கூடி, அடுத்த வளையம். ஆஸ்ட்வால்டு 1897-இல் தந்த விளக்கத்தின் சாரம் இது.

இவ்வளையங்களில் மனம் பறிகொடுத்தவர்களில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், பெங்களூரில் இருந்தபோது, 1930-களின் இறுதியில் சுப்பராமய்யா என்பவருடன் சேர்ந்து லீசகாங் வளையங்களை ஆராய்ந்து, அவை அலைகளைப் போன்ற தன்மை காட்டுவதாக எழுதினார். அக்கூழ் வளையங்களைப் போன்றவை ஒரு தாடைக் கழலைக்கு அடையாளச் சின்னமாகும் என்பதை அன்று யார் நினைத்திருக்கக்கூடும்?

இந்தியச் சிற்றூர்களில் பின்ட்போர்க்

பின்ட்போர்க்கின் பெயர் நமக்கு அயலான பெயர் அன்று. 1960-களில் அவர் பலமுறை இந்தியா வந்தார். பம்பாயில் சத்யவதி சிர்சாட்டுடன் சேர்ந்து, பாக்கு மெல்லுவோரின் வாய் நாராக இறுகித் திறக்க முடியாமற் போகும் நோயைப் பற்றி 1966-இல் விரிவாக எழுதினார். டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ஃபாலி மேத்தா முதலியோருடன் இணைந்து, எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பவநகர், அன்றைய பீகாரின் சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களில் வீடுவீடாகச் சென்று ஊர்மக்களின் வாயைச் சோதிக்கும் பணியில் பங்குகொண்டார். 50,915 பேரைச் சோதித்த அந்த ஆய்வு 1969-இல் வெளிவந்தது. புகையிலைப் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவை நம் நாட்டுச் சிற்றூர்களிலிருந்தே திரட்டிக் காட்டிய பெரும்பணி அது. 1995-இல் அவர் மறைந்தார்.

கொடிய தோற்றமுள்ள ஒன்று தீங்கற்றதாகலாம் என்று காட்டியவரே, வலியின்றித் தோன்றும் சிறு வெள்ளைத் திட்டு ஒன்று புற்றின் முன்னோடியாகலாம் என்று எச்சரித்த குழுவிலும் இருந்தார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஊகிக்காதே, எடுத்துப் பார்.

பெயரிலிருந்து மரபணுவுக்கு

ஒரே கழலைக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் இருந்தால் மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசுவது எவ்வாறு? அக்குழப்பத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் 1971-இல் பற்கழலைகளின் வகைப்பாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் பின்ட்போர்க்கும் இலண்டனைச் சேர்ந்த ஐவர் கிரேமரும். பின்னர் 1992, 2005, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. கார்லின் கண்ட கட்டியை 2005-இல் கழலை என்றனர். 2017-இல் மீண்டும் நீர்க்கட்டி என்றனர். அறிவியலில் பெயர் மாறுவது பலவீனமன்று. சான்று வளர்வதன் அடையாளம்.

2003-இல் சாலமன் என்பவரின் குழு, பின்ட்போர்க் கழலையின் அமிலாய்டைப் பிரித்தெடுத்து, அது பல் வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு புரதத்தின் துண்டு என்று கண்டது. ஆக, அந்த உயிரணுக்கள் தாம் எனாமல் கட்டும் குலத்தில் பிறந்தவை என்பதை முற்றும் மறந்துவிடவில்லை. 2014-இல் அமிலோபிளாஸ்டோமாவில் பலருக்கு ‘பி-ராஃப்’ என்னும் மரபணுவில் ஒரே எழுத்துப் பிழை இருப்பது தெரிந்தது. அப்பிழையைக் குறிவைக்கும் மருந்துகளால் சிலருக்குக் கழலை சுருங்கியிருக்கிறது. முகம் சிதையாமல் காக்கும் வழி ஒன்று இதனால் திறந்துள்ளது.

நாம் செய்ய வேண்டியது

புதுக்கோட்டையில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. சென்ற தலைமுறையில் இதற்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ பேருந்து ஏற வேண்டியிருந்தது. இன்று வசதி அருகில் உள்ளது. வேண்டியது விழிப்பு.

தாடையில் வலியில்லாத வீக்கம் இருந்தாலும், ஒரு பல் உரிய வயதில் முளைக்காவிட்டாலும், காரணமின்றிப் பல் ஆடினாலும் அல்லது இடம் விலகினாலும், எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். மருத்துவர் திசு எடுக்கச் சொன்னால் அஞ்சக் கூடாது. ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்பி நாள் கடத்துவதே உண்மையான ஆபத்து. எடுத்த திசு நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்பப்பட்டதா என்று கேட்கவும் தயங்கக் கூடாது. அறிக்கையைத் தாமே படித்து அஞ்சுவதைவிட, எழுதியவரிடமோ மருத்துவரிடமோ தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

என் மாணவரின் தாயாருக்கு, கழலையைச் சுற்றிச் சிறிதளவு நல்ல எலும்போடு சேர்த்து அறுவை செய்து எடுத்தார்கள். தாடை காக்கப்பட்டது. இக்கழலை சிலருக்கு மீண்டும் வருவதுண்டு; ஆதலால் ஆண்டுக்கொருமுறை படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற பொங்கலன்று மாணவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா எனக்குக் கரும்புத் துண்டு ஒன்றை நறுக்கித் தந்துவிட்டு, தாமும் ஒரு சிறு துண்டை மற்றப் பக்கத்துப் பற்களால் மெல்லக் கடித்துக்கொண்டிருந்தார்.

இவ்வாண்டு தளவிளைவுப் பாடத்தை நடத்தும்போது செல்லோஃபேன் நாடாவோடு நிறுத்தவில்லை. “இதனால் என்ன பயன், சார்?” என்று வழக்கம்போல் ஒரு மாணவி கேட்டார். காங்கோ சிவப்பின் கதையைச் சொன்னேன். வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்த மாணவர் மட்டும் தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.